எதிர்க்கட்சி எம்.பி.யின் நாடாளுமன்றப் பதிவை எப்படிப் படிப்பது?

சென்னையிலிருந்து மக்களவைக்கு வடசென்னை, மத்திய சென்னை, தென்சென்னை என மூன்று தொகுதிகளின் சார்பில் மூவர் செல்கிறார்கள். 2024 தேர்தலில் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளையும் வென்ற அணிக்கு டெல்லியில் எதிர்வரிசையே கிடைத்ததால், மூவரும் எதிர்க்கட்சி உறுப்பினர்களாகவே அவைக்குள் நுழைந்தார்கள். இவர்களைப் பற்றிய ஒரு பட்டியல் அவ்வப்போது குடியிருப்போர் சங்கங்களின் வாட்ஸ்அப் குழுக்கள் வரை வந்து சேர்கிறது: வருகை இத்தனை சதவீதம், கேட்ட கேள்விகள் இத்தனை, கலந்துகொண்ட விவாதங்கள் இத்தனை, தேசிய சராசரி இவ்வளவு. அந்த எண்களை மட்டும் வைத்து ஒருவர் உழைப்பாளி என்றும், இன்னொருவர் தொகுதியை மறந்தவர் என்றும் தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது.

எண்கள் பொய்யானவை அல்ல. நாடாளுமன்றத்தின் இணையதளத்தில் உள்ள பதிவுகளைக் கொண்டு, 2005இல் தொடங்கப்பட்ட பி.ஆர்.எஸ். லெஜிஸ்லேடிவ் ரிசர்ச் போன்ற அமைப்புகள் அவற்றைப் பொறுப்போடு திரட்டித் தருகின்றன. சிக்கல் நாம் அவற்றை வாசிக்கும் விதத்தில் இருக்கிறது. ஆளுங்கட்சி உறுப்பினரின் வேலையை அரசு நிறைவேற்றும் சட்டங்களிலும் திட்டங்களிலும் பார்க்கலாம். எதிர்க்கட்சி உறுப்பினருக்கோ அவைப் பதிவைத் தவிர வேறு சாட்சி பெரிதாக இல்லை. அந்தப் பதிவோ அவர் செய்ததில் பாதியை எழுதிக்கொள்வதே இல்லை. எது எழுதப்படுகிறது, எது விடுபடுகிறது, விடுபட்டதை வேறு எங்கே தேடுவது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் அந்த எண்களுக்குப் பொருள் கிடைக்கும்.

முதலில் வாக்கு. இந்த மசோதாவை நம் எம்.பி. ஆதரித்தாரா, எதிர்த்தாரா என்பது எந்த வாக்காளருக்கும் இயல்பாக எழும் கேள்வி. ஆனால் பெரும்பாலான மசோதாக்களைப் பொறுத்தவரை அதற்கு அவைப் பதிவில் பதிலே கிடையாது. அவைத் தலைவர் மசோதாவை முன்வைத்து, ஆதரிப்போர் ‘ஆம்’ என்றும் எதிர்ப்போர் ‘இல்லை’ என்றும் சொல்லும்படி கேட்பார். எழுந்த ஒலியைக் கொண்டு ‘ஆம் என்போரே மிகுதி’ என்று அறிவித்துவிட்டு அடுத்த அலுவலுக்குப் போய்விடுவார். இந்தக் குரல் வாக்கெடுப்பில் யார் எந்தப் பக்கம் குரல் கொடுத்தார் என்று எவரும் எழுதிக்கொள்வதில்லை. அறிவிப்பை ஓர் உறுப்பினர் மறுத்து ‘டிவிஷன்’ கேட்டால்தான், ஒவ்வொருவரும் தம் இருக்கையில் உள்ள பொத்தானை அழுத்தியோ, சீட்டில் கையெழுத்திட்டோ வாக்களிக்க, பெயர்வாரியான பட்டியல் உருவாகிறது. அதிலும் ஒரு வாசல் திறந்தே இருக்கிறது. மக்களவை நடத்தை விதி 367இன்படி, டிவிஷன் தேவையின்றிக் கேட்கப்படுகிறது என்று அவைத் தலைவர் கருதினால், இரு தரப்பினரையும் எழுந்து நிற்கச் சொல்லித் தலையெண்ணி முடிவை அறிவிக்கலாம். அப்படிச் செய்தால் பெயர்கள் பதிவாகாது என்று அதே விதி வெளிப்படையாகச் சொல்கிறது.

இது வெறும் நடைமுறை நுணுக்கம் என்று கடந்துபோக முடியாது என்பதற்கு 2020 செப்டம்பர் 20 அன்று மாநிலங்களவையில் நடந்ததே போதுமான சான்று. வேளாண் மசோதாக்களை விரிவான ஆய்வுக்காக உறுப்பினர்கள் அடங்கிய தேர்வுக் குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்ற தீர்மானங்களின் மீது எதிர்க்கட்சிகள் டிவிஷன் கேட்டன, கேட்டவர்களில் தி.மு.க.வின் திருச்சி சிவாவும் ஒருவர். உறுப்பினர்கள் தத்தம் இருக்கையில் இல்லை என்று சொல்லி, துணைத் தலைவர் குரல் வாக்கெடுப்பிலேயே மசோதாக்களை நிறைவேற்றினார். மறுநாள் எதிர்க்கட்சி உறுப்பினர்கள் 8 பேர் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். பின்னர் ஓராண்டுக்கு மேல் நாட்டை உலுக்கி, இறுதியில் திரும்பப் பெறப்பட்ட அந்தச் சட்டங்களை மாநிலங்களவையில் யார் யார் எதிர்த்தார்கள் என்பதற்குப் பெயர்ப் பட்டியல் இன்றும் இல்லை. 2024 ஜூன் 26 அன்று மக்களவைத் தலைவர் பதவிக்கே போட்டி நடந்தபோதுகூட முடிவு குரல் வாக்கெடுப்பில்தான் வந்தது. அன்று எதிர்க்கட்சிகள் டிவிஷனை வற்புறுத்தவில்லை.

அரசியலமைப்புத் திருத்த மசோதாக்களுக்கு மட்டும் டிவிஷன் கட்டாயம். அவையின் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேற்பட்டோரும், வந்திருந்து வாக்களிப்போரில் மூன்றில் இரண்டு பங்கினரும் ஆதரித்ததைக் காட்டியாக வேண்டும் என்பதால் எண்ணாமல் முடியாது. ஆகவே பெயர்வாரியான வாக்குப் பதிவைத் தேடுபவர் அங்கிருந்து தொடங்கலாம். ஆனால் அங்கேயும் வாக்கு முழுக் கதையைச் சொல்வதில்லை.

பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கு 10 சதவீத இடஒதுக்கீடு தரும் திருத்தத்தை எடுத்துக்கொள்வோம். 2019 ஜனவரி 8 அன்று மக்களவையில் 323 பேர் ஆதரவாகவும் 3 பேர் எதிராகவும் வாக்களித்தார்கள். அந்த மூவரில் தமிழ்நாட்டு உறுப்பினர் எவரும் இல்லை. பட்டியலை மட்டும் பார்ப்பவருக்குச் சமூகநீதி பேசும் மாநிலம் வாய்மூடி இருந்ததாகத்தான் தோன்றும். அந்த அவையில் தி.மு.க.வுக்கு ஓர் இடம்கூட இல்லை. 37 இடங்களை வைத்திருந்த அ.தி.மு.க.வின் சார்பில் பேசிய மு. தம்பிதுரை மசோதாவைக் கடுமையாக எதிர்த்தார். பிறகு அக்கட்சி வெளிநடப்புச் செய்தது. எதிர்ப்பு பேச்சில் பதிவானது, வாக்கில் பதிவாகவில்லை. மறுநாள் மாநிலங்களவையில் மசோதா 165க்கு 7 என்ற கணக்கில் நிறைவேறியபோது தி.மு.க. எதிர்த்து வாக்களித்தது, அதற்கு முன்பே கனிமொழி, மசோதாவைத் தேர்வுக் குழுவுக்கு அனுப்பக் கோரிக் கொண்டுவந்த தீர்மானம் 18க்கு 155 என்று தோற்றது. என் பார்வையில் இறுதி வாக்கெடுப்பைவிட இந்த 18 பேரின் பட்டியல்தான் அதிகம் சொல்கிறது. வேண்டாம் என்று சொல்லத் தயங்கினாலும் ‘அவசரப்படாதீர்கள், ஆராய்வோம்’ என்றாவது சொல்லத் துணிந்தவர்கள் யார் யார் என்பது அதில் இருக்கிறது.

இதற்கு நேர்மாறான உதாரணமும் உண்டு. பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் தரும் திருத்தம் 2023 செப்டம்பர் 20 அன்று மக்களவையில் 454க்கு 2 என்று நிறைவேறியது. மறுநாள் மாநிலங்களவையில் வாக்களித்த 214 பேரும் ஆதரித்தார்கள். ஆனால் ஆதரித்து வாக்களித்த எதிர்க்கட்சியினர் பலர், மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கும் தொகுதி மறுவரையறைக்கும் பிறகே இது நடைமுறைக்கு வரும் என்ற நிபந்தனையைத் தங்கள் பேச்சில் விமர்சித்தார்கள். அந்த மறுப்பு ‘ஆம்’ என்ற வாக்குக்குள் மறைந்துபோகிறது.

வாக்கைத் தனிமனித மனச்சாட்சியின் அளவுகோலாகக் கொள்ள முடியாததற்கு இன்னொரு காரணம், எப்படி வாக்களிக்க வேண்டும் என்று கட்சி இடும் கொறடா உத்தரவு. 1985ஆம் ஆண்டின் 52ஆவது திருத்தம் கொண்டுவந்த பத்தாவது அட்டவணையின்படி, கட்சியின் உத்தரவை மீறி வாக்களித்தாலோ, வாக்களிக்காமல் இருந்தாலோ பதவியே போகலாம். 15 நாட்களுக்குள் கட்சி மன்னித்தால்தான் தப்பலாம். எனவே டிவிஷன் பட்டியலில் நாம் காண்பது பெரும்பாலும் கட்சியின் முடிவைத்தான். தனி உறுப்பினரை அளக்க அந்தப் பட்டியலில் பயன்படக்கூடியது ஒன்றே ஒன்று: முக்கியமான வாக்கெடுப்பின்போது அவர் அவையில் இருந்தாரா, இல்லையா? வக்ஃப் திருத்த மசோதா 2025 ஏப்ரலில் மக்களவையில் 288க்கு 232 என்று நள்ளிரவைத் தாண்டி நிறைவேறியது போன்ற நாட்களில், வராதவரின் இடம் கண்ணுக்குத் தெரியும்.

அந்தப் பட்டியலைத் தேடுவதிலும் கொஞ்சம் பொறுமை வேண்டும். உறுப்பினருக்குரிய பக்கத்தில் அவருடைய கேள்விகளும் விவாதங்களும் தனித்தனியாகக் கிடைக்கும். வாக்குகளோ அன்றைய முழு விவாதப் பதிவின் நடுவில், ‘ஆம்’ ஒரு வரிசை, ‘இல்லை’ ஒரு வரிசை என்று அகர வரிசைப் பெயர்களாகப் புதைந்திருக்கும். அதன் அடியில் ‘திருத்தத்திற்கு உட்பட்டது’ என்ற குறிப்போடு ஒரு முடிவு, அதற்குக் கீழே பொத்தான் வேலை செய்யாமல் சீட்டின் மூலம் வாக்களித்தவர்களின் பெயர்கள் என்று இருக்கும். பெரிய பட்டியலில் பெயர் இல்லை என்றவுடன் ‘வரவில்லை’ என்று முடிவுகட்டுவதற்கு முன் அந்த அடிக்குறிப்பைப் பார்த்துவிட வேண்டும்.

கேள்வி: எண்ணிக்கையும் எடையும்

எதிர்க்கட்சி உறுப்பினருக்கு உண்மையான ஆயுதம் கேள்விதான். வாக்கில் கட்சி கட்டிப்போடுகிறது, பேச்சுக்கு நேரம் கட்சியின் பலத்தைப் பொறுத்தே கிடைக்கிறது. கேள்வியைத்தான் ஓர் உறுப்பினர் தாமாக எழுதி, தாமாக அனுப்பலாம். இந்தப் பாரம்பரியத்தில் சென்னைக்குத் தனிப் பெருமை உண்டு. 1930களில் மத்திய சட்டசபையில் காங்கிரஸ் எதிர்வரிசையில் இருந்தபோது, அங்கே அக்கட்சி உறுப்பினர்களின் துணைத் தலைவராக இருந்த சென்னை உறுப்பினர் எஸ். சத்தியமூர்த்தி, பதிலைத் தொடர்ந்து எழுப்பும் துணைக் கேள்விகளைக் கண்டு பிரிட்டிஷ் அதிகாரிகள் தடுமாறினார்கள். பூண்டி நீர்த்தேக்கத்துக்கும் சென்னை காங்கிரஸ் அலுவலகத்துக்கும் பெயராக நின்றுவிட்ட அவரை, வாக்கெடுப்பில் வெல்ல முடியாத இடத்திலிருந்து கேள்வியை மட்டும் வைத்து ஓர் அரசைத் திணறடித்தவர் என்றும் நாம் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

இன்றைய நடைமுறை இது. அமைச்சகங்கள் ஐந்து குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, வாரத்தின் ஒவ்வொரு நாளும் ஒரு குழுவுக்கு ஒதுக்கப்படுகிறது. குறைந்தது 15 முழு நாட்களுக்கு முன்பே கேள்வி சென்று சேர வேண்டும். வருவதோ மிக அதிகம் என்பதால் குலுக்கல் முறையில் வரிசை தீர்மானிக்கப்படுகிறது. மக்களவையில் ஒரு நாளைக்கு நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் 20, நட்சத்திரக் குறியிடாதவை 230. மாநிலங்களவையில் முறையே 15, 160. மக்களவையில் ஒருவர் பெயரில் ஒரு நாளில் 5 கேள்விகளுக்கு மேல் பட்டியலில் வராது. அவற்றில் நட்சத்திரக் கேள்வி ஒன்றுக்கு மேல் இருக்காது. நட்சத்திரக் கேள்விக்கு அமைச்சர் எழுந்து பதில் சொல்ல வேண்டும், துணைக் கேள்விகளையும் சந்திக்க வேண்டும். மற்றவற்றுக்கு எழுத்துபூர்வப் பதில் மட்டும். மக்களவையில் பகல் 11 முதல் 12 மணி வரையுள்ள கேள்வி நேரத்தில், அமளி இல்லாத நாளிலும் நான்கைந்து நட்சத்திரக் கேள்விகளே வாய்மொழியாக எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

அப்படியென்றால் ‘இத்தனை கேள்விகள்’ என்ற எண்ணில் குலுக்கலின் அதிர்ஷ்டமும் கலந்திருக்கிறது. ஒரே பொருளில் பலர் கேட்டால் அவற்றை ஒன்றாக்கி எல்லோர் பெயரையும் போடுவார்கள். அது ஒவ்வொருவர் கணக்கிலும் ஒரு கேள்வியாக ஏறும். உதவியாளர்கள் எழுதித் தருவதும் பரவலான வழக்கம். அதில் தவறு ஒன்றும் இல்லை, எந்தப் பொருளைக் கேட்பது என்ற முடிவு உறுப்பினருடையதாக இருக்கும் வரை. அந்த முடிவை விற்றவர்களும் உண்டு. பணம் வாங்கிக்கொண்டு கேள்வி கேட்டதாக வெளியான விவகாரத்தில் 2005 டிசம்பர் 23 அன்று இரு அவைகளையும் சேர்ந்த 11 உறுப்பினர்கள் வெளியேற்றப்பட்டார்கள். எண்ணிக்கையை மட்டும் பார்த்திருந்தால் அவர்களும் அக்கறையுள்ள உறுப்பினர்களாகவே தெரிந்திருப்பார்கள்.

ஆகவே கேள்வியை அதன் பதிலோடு சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும். ஒரு பதில் தாளைத் திறந்தால் மேலே அமைச்சகத்தின் பெயர், கேள்வி எண், பதில் சொல்லப்படும் தேதி, கீழே ‘(அ) இது உண்மையா, (ஆ) உண்மையெனில் அதன் விவரங்கள், (இ) இல்லையெனில் காரணங்கள்’ என்று கூறுகூறாகக் கேள்வி, அதற்கடுத்துப் பதில். ‘(அ) முதல் (ஈ) வரை’ என்று எல்லாவற்றையும் ஒரே பத்தியில் சுருட்டி, திட்டத்தின் நோக்கத்தை விளக்கிவிட்டு, கேட்ட எண்ணைத் தராமல் முடிக்கும் பதில்கள் ஏராளம். ‘இது மாநிலப் பட்டியலில் உள்ள பொருள்’, ‘இந்தக் கேள்வி எழவில்லை’, ‘தகவல் திரட்டப்பட்டு வருகிறது’ ஆகியவை அடிக்கடி வரும் வாசகங்கள். நல்ல கேள்வி இந்த வழிகளையெல்லாம் முன்கூட்டியே அடைத்துவிட்டு வரும்: ஆண்டுவாரியாக, மாநிலவாரியாக, ஒதுக்கியது எவ்வளவு, விடுவித்தது எவ்வளவு, செலவானது எவ்வளவு என்று. ‘அரசு நடவடிக்கை எடுக்குமா?’ என்று கேட்பவருக்கு ‘எடுத்துக்கொண்டே இருக்கிறது’ என்ற பதில்தான் கிடைக்கும்.

அதே நேரத்தில், வெறுங்கையோடு வரும் பதிலும் சில வேளைகளில் பெரிய ஆவணமாகிவிடும். பெருந்தொற்றுக் கால ஊரடங்கில் சொந்த ஊர் திரும்பும் வழியில் இறந்த புலம்பெயர் தொழிலாளர்கள் எத்தனை பேர் என்ற கேள்விக்கு, அப்படிப்பட்ட தரவு எதுவும் பராமரிக்கப்படவில்லை என்று தொழிலாளர் அமைச்சகம் 2020 செப்டம்பர் 14 அன்று மக்களவையில் எழுத்துபூர்வமாகப் பதிலளித்தது. அரசு எண்ணவே இல்லை என்பதை அரசின் கையெழுத்திலேயே வாங்கிவிட்ட கேள்வி அது. அந்தக் கூட்டத்தொடரில் கேள்வி நேரமே ரத்து செய்யப்பட்டு, எழுத்துபூர்வக் கேள்விகள் மட்டும் அனுமதிக்கப்பட்டிருந்தன என்பதையும் சேர்த்துப் பார்த்தால் அதன் எடை தெரியும்.

பேச்சும் அவைக்குறிப்பும்

பேச்சுகளை எண்ணுவது இன்னும் கடினம். பட்ஜெட் மீது அரை மணி நேரம் பேசியதும், அவசரப் பொருள்களை எழுப்புவதற்கான பூஜ்ய நேரத்தில் இரண்டு நிமிடம் ஒரு ரயில் நிறுத்தம் கேட்டதும், விதி 377இன்கீழ் முன்கூட்டியே எழுதி ஒப்புதல் பெற்ற சில வரிகளைப் படித்ததும் உறுப்பினரின் பக்கத்தில் தலா ஒரு வரியாகவே தெரிகின்றன. நேரம் இல்லாத நாட்களில் பேச்சை எழுத்தாக மேசைமீது வைத்துவிடவும் அனுமதி உண்டு. அதுவும் பதிவில் ஏறுகிறது. பேச வாய்ப்புக் கிடைப்பதே கட்சியின் பலத்தையும் கட்சித் தலைமையின் விருப்பத்தையும் பொறுத்தது. தி.மு.க.வுக்கு இந்த மக்களவையில் 22 உறுப்பினர்கள் என்பதால் முக்கியமான மசோதாவில் அவர்களில் ஓரிருவருக்கே முறை வரும், ம.தி.மு.க.வுக்கு ஒரே உறுப்பினர் என்பதால் சில நிமிடங்களே கிடைத்தாலும் அவை அவருக்கே உரியவை. முதல் வகை உறுப்பினரின் பேச்சு எண்ணிக்கை குறைவாக இருப்பதைச் சோம்பல் என்று சொல்லிவிட முடியாது.

பேசியவை அனைத்தும் பதிவில் நிற்பதும் இல்லை. விதி 380 தரும் அதிகாரத்தால் அவைத் தலைவர் சொற்களை நீக்கலாம்; அந்த இடங்களில் நட்சத்திரக் குறிகள் மட்டும் நிற்கும். 2024 ஜூலை 1 அன்று எதிர்க்கட்சித் தலைவராக ராகுல் காந்தி ஆற்றிய முதல் பெரிய உரையிலேயே சில பகுதிகள் இப்படி நீக்கப்பட்டன. அனுமதியின்றி எழுப்பிய குரல்கள் ‘குறுக்கீடுகள்’ என்ற ஒற்றைச் சொல்லாகச் சுருங்கிவிடும். எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் நாள் முழுவதும் நின்று முழங்கிய கோரிக்கை, அவைக்குறிப்பில் யாருடையது என்றே தெரியாத அடைப்புக்குறிக்குள் அடங்கிப்போவது வழக்கமான ஒன்று.

தமிழ் வாசகரைத் தனிப்பட்ட முறையில் பாதிக்கும் விஷயம் ஒன்றும் இதில் இருக்கிறது. அரசியலமைப்பின் 120ஆவது பிரிவு, இந்தியிலோ ஆங்கிலத்திலோ போதிய அளவு பேச இயலாதவரைத் தாய்மொழியில் பேச அவைத் தலைவர் அனுமதிக்கலாம் என்கிறது. உடனுக்குடன் மொழிபெயர்க்கும் வசதியும் தமிழுக்கு உண்டு. ஆனால் மக்களவையின் விவாதப் பதிவில் தமிழ்ப் பேச்சைத் தேடினால், ‘தமிழில் ஆற்றிய உரையின் ஆங்கில மொழிபெயர்ப்பு’ என்ற அடிக்குறிப்போடு ஆங்கிலம்தான் பெரும்பாலும் கிடைக்கிறது. தமிழில் பேசியதன் நோக்கமே தொகுதி மக்களுக்கு நேரடியாகக் கேட்க வேண்டும் என்பது. அந்த மக்கள் உரையைத் தேடி வரும்போது அதன் சொற்கள் அங்கே இல்லை. நாடாளுமன்றத்தின் தொலைக்காட்சியான சன்சத் டிவியின் காணொளிதான் ஒரே வழி. இந்தக் குறையைப் பற்றி நம் உறுப்பினர்களே இன்னும் உரக்கப் பேச வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பதிவின் ஓரத்தில் தங்கிவிடும் வேலைகள் இன்னும் இரண்டு. ஒன்று குழுக்கள். நிலைக்குழுக்களும் கூட்டுக் குழுக்களும் மூடிய அறைக்குள் நடப்பதால் உறுப்பினரின் கணக்கில் அவை தெரிவதில்லை. அறிக்கையின் பின்னிணைப்பாக வரும் கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் யார் வந்திருந்தார் என்பதும், கூட்டுக் குழு அறிக்கைகளில் மாற்றுக் கருத்துக் குறிப்புகளும் கிடைக்கும். வக்ஃப் மசோதா மீதான கூட்டுக் குழுவில் தி.மு.க.வின் ஆ. ராசாவும் எம்.எம். அப்துல்லாவும் இடம்பெற்றிருந்தார்கள். அக்குழுவின் அறிக்கை 2025 பிப்ரவரியில் வந்தபோது எதிர்க்கட்சியினரின் மாற்றுக் குறிப்புகளில் சில பகுதிகள் மறைக்கப்பட்டிருந்தன. எதிர்ப்புக்குப் பிறகே அவை சேர்க்கப்பட்டன. ஒரு சட்டத்தை எதற்காக எதிர்க்கிறோம் என்று பிரிவு பிரிவாக எழுதப்பட்ட அந்தக் குறிப்புகளை, பத்து மேடைப் பேச்சுகளைவிடப் பயனுள்ளவையாகவே நான் கருதுகிறேன்.

மற்றொன்று, அமைச்சர் அல்லாத உறுப்பினர் தாமாகக் கொண்டுவரும் தனிநபர் மசோதா. இரு அவைகளிலும் நிறைவேறிச் சட்டமான கடைசித் தனிநபர் மசோதா 1970ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்பதால் பலரும் இதைச் சடங்காகவே பார்க்கிறார்கள். ஆனால் 2015 ஏப்ரல் 24 அன்று, திருநர் உரிமைகளுக்காகத் திருச்சி சிவா கொண்டுவந்த மசோதாவை மாநிலங்களவை ஒருமனதாக நிறைவேற்றியது. மக்களவையில் அது நிறைவேறவில்லை. எனினும் அதன்பின் அரசு தன் சொந்த மசோதாவைக் கொண்டுவந்தாக வேண்டியதாயிற்று, 2019இல் சட்டமும் வந்தது. அந்தச் சட்டம் திருநர் சமூகம் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே தந்தது என்றாலும், பேசாப்பொருளாக இருந்ததைச் சட்டப்பொருளாக மாற்றிய தொடக்கம் எதிர்வரிசையிலிருந்து வந்தது. எண்ணிக்கைப் பட்டியலில் இது ‘தனிநபர் மசோதா: 1’.

வருகை

வருகைச் சதவீதத்தைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. வருகையைப் பதிந்தவர் எவ்வளவு நேரம் உள்ளே இருந்தார் என்பதை அது சொல்லாது. அமைச்சர்களும் எதிர்க்கட்சித் தலைவரும் அப்படி வருகையைப் பதிவதும் இல்லை. ஆனால் எதிர்க்கட்சி உறுப்பினரைப் பொறுத்தவரை ஒரு காலகட்டத்தை மட்டும் தனியே குறித்துக்கொள்ள வேண்டும்.

2023 டிசம்பர் 13 அன்று மக்களவைக்குள் இருவர் புகுந்த பாதுகாப்புக் குறைபாட்டைப் பற்றி உள்துறை அமைச்சர் அறிக்கை தர வேண்டும் என்று கோரியதற்காக, அந்தக் கூட்டத்தொடரில் இரு அவைகளிலும் சேர்த்து 146 எதிர்க்கட்சி உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். முதல் நாள் பட்டியலில் சேலம் உறுப்பினர் எஸ்.ஆர். பார்த்திபனின் பெயரும் இருந்தது. அன்று அவர் அவையிலேயே இல்லை என்பது தெரிந்ததும் அது நீக்கப்பட்டது. டிசம்பர் 18 அன்று வெளியான பட்டியலில் சென்னையின் மூன்று மக்களவை உறுப்பினர்களும் இருந்தார்கள். அதாவது மிக்ஜாம் புயலின் வெள்ளம் வடிந்து இரண்டு வாரம்கூட ஆகாத நிலையில், எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்து மீனவர்கள் கையால் அள்ளிக்கொண்டிருந்த நாட்களில், கூட்டத்தொடர் முடியும் வரை சென்னையின் சார்பில் மக்களவையில் பேச ஒருவரும் இல்லை. இடைநீக்கம் செய்யப்பட்டவர்களின் கேள்விகளும் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டன. அதே வாரத்தில்தான் பாரதிய நியாய சன்ஹிதா உள்ளிட்ட மூன்று குற்றவியல் மசோதாக்களும் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறின. எண்களின் அட்டவணையில் இந்த வாரம் குறைந்த வருகையாகவும் கேட்கப்படாத கேள்விகளாகவும் மட்டுமே தெரியும்.

ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டு போவது

இவ்வளவு ஓட்டைகள் உள்ள பதிவை வைத்து ஓர் உறுப்பினரை எப்படித்தான் மதிப்பிடுவது? உறுப்பினரின் பெயரிலிருந்து தொடங்காமல், நமக்கு நெருக்கமான ஒரு பொருளிலிருந்து தொடங்கி அதன் பின்னாலேயே போவதுதான் நல்ல வழி என்று நினைக்கிறேன். சென்னைவாசிக்கு மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டத்தைவிட நல்ல பாடம் கிடையாது. 118.9 கிலோமீட்டர் நீளமும் 63,246 கோடி ரூபாய் செலவும் கொண்ட இந்தத் திட்டத்துக்கு மத்திய அரசு தன் பங்கைத் தரும் என்று 2021 பிப்ரவரி பட்ஜெட் உரையில் அறிவிக்கப்பட்டது. மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்ததோ 2024 அக்டோபர் 3 அன்று. இடையில் கடந்த மூன்றரை ஆண்டுகளுக்கும் மேற்பட்ட காலத்தில் மாதவரத்திலும் பூந்தமல்லியிலும் ஓ.எம்.ஆரிலும் தடுப்புகள் எழுந்து சாலைகள் குறுகின, பணிகளுக்கான நிதிச் சுமையை மாநிலமே தாங்கியது.

இந்தக் காலத்துக்குள் வரும் ஒவ்வொரு கூட்டத்தொடரையும் எடுத்துக்கொண்டு, வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற விவகார அமைச்சகத்துக்கு மெட்ரோ பற்றி யார் கேட்டார், நிதி அமைச்சகத்துக்கு யார் கேட்டார் என்று தேட வேண்டும். ‘ஒப்புதல் எப்போது?’ என்று பொதுவாகக் கேட்டவர் யார். ஒப்புதல் எந்தக் கட்டத்தில், எந்தத் துறையின் மேசையில், எந்தத் தேதியிலிருந்து நிற்கிறது என்று கேட்டவர் யார்? முதல் பதில் மழுப்பலாக வந்தபோது, அடுத்த கூட்டத்தொடரில் அந்தப் பதிலையே மேற்கோள் காட்டி மறுபடி கேட்டவர் யார்? அமைச்சகத்தின் செலவுக்கு அவையின் ஒப்புதல் கேட்கும் மானியக் கோரிக்கை விவாதத்தில் அதே எண்களை வைத்துப் பேசினாரா, பூஜ்ய நேரத்தில் எழுப்பினாரா, குழு அறிக்கையில் அந்தப் பத்தி இடம்பெற்றதா? இப்படி ஒரே நூலைத் திரும்பத் திரும்ப இழுத்தவர் ஆண்டில் இருபது கேள்விகளே கேட்டிருந்தாலும், நூறு பொருளில் நூறு கேள்வி கேட்டுவிட்டு எந்தப் பதிலையும் திரும்பிப் பார்க்காதவரைவிட அவரே தம் வேலையைச் செய்தவர்.

இதற்குப் பெரிய கருவிகள் எதுவும் தேவையில்லை. கேள்விப் பட்டியல் கேள்விக்குரிய நாளுக்கு முன்பே வெளியாகிவிடும். பதில்கள் அன்றே அல்லது ஓரிரு நாட்களில் நாடாளுமன்ற இணையதளத்தில் ஏறிவிடும். திருத்தப்படாத விவாதப் பதிவும் தாமதமின்றிக் கிடைக்கும். பொருள், தேதி, கேள்வி எண், அமைச்சகம், பதிலின் சாரம் என ஐந்து கட்டங்கள் கொண்ட ஒரு தாள் போதும். அதில் ஆறாவதாக ஒரு கட்டத்தையும் சேர்த்துக்கொள்ளப் பரிந்துரைப்பேன்: அமைச்சர் ஏதேனும் வாக்குறுதி தந்தாரா? ‘தகவல் திரட்டி அவையின் முன் வைக்கப்படும்’, ‘பரிசீலிக்கப்படும்’ போன்ற வாசகங்களை அரசின் உறுதிமொழியாகக் குறித்துக்கொண்டு, அவை மூன்று மாதத்துக்குள் நிறைவேறினவா என்று கண்காணிக்க இரு அவைகளிலும் அரசு உறுதிமொழிகள் குழு என ஒன்று இருக்கிறது. மூன்று மாதம் கழித்து, அந்தக் கேள்வியைக் கேட்ட உறுப்பினருக்கு அது நினைவில் இருக்கிறதா என்று அவருடைய தொகுதி அலுவலகத்துக்கே கேள்வி எண்ணைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் எழுதலாம். அடுத்த கூட்டத்தொடருக்கான கேள்வியை 15 நாட்களுக்கு முன்பே அனுப்ப வேண்டும் என்பதால், அந்தக் கடிதம் கூட்டத்தொடர் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பாவது அவர் கையில் இருப்பது நல்லது.